சைக்கிள் திருடு போனால் ஸ்டேஷனில் என்ன நடக்கும்?

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ, நீடாமங்கலம் ரயில் நிலைய வாசலிலோ, வேலைக்குப் போன வயலோரத்து வாய்க்கால் கரையிலோ நிறுத்திய சைக்கிளைக் காணவில்லை என்றால் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் ஒரு சுற்றுத் தேடிவிட்டு, எடுத்தவனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். "ஒரு சைக்கிளுக்குப் போய் ஸ்டேஷன் ஏறணுமா" என்று வீட்டிலும் சொல்வார்கள். மீறிப் போகிறவர்களில் ஒருவருக்கு ரசீது கிடைக்கும், இன்னொருவருக்கு எஃப்.ஐ.ஆர். கிடைக்கும், மூன்றாமவருக்கு "தேடிப் பாருங்க, கிடைச்சா சொல்றோம்" என்ற பதில் மட்டும் கிடைக்கும்.

ஒரே மாதிரித் திருட்டுக்கு ஏன் ஆளுக்கொரு பதில்? ஏட்டய்யாவின் மனநிலை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெரிய காரணம் அது இல்லை. போலீஸ் வேலை முழுக்கக் காகிதத்தின் மேல் நடக்கிறது. சைக்கிளோ காகிதமே இல்லாத சொத்து.

மோட்டார் சைக்கிள் திருடு போனால் ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, நம்பர் பிளேட் இருக்கிறது, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் அரசுப் பதிவேட்டில் இருக்கின்றன. எந்த ஊர் செக்போஸ்ட்டில் மடக்கினாலும் நம்பரைத் தட்டிப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மிதிவண்டியைத் தொடுவதில்லை. பதிவு கிடையாது, ஆர்.சி. கிடையாது. முன்பெல்லாம் உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு ஒரு தகரப் பில்லை கொடுக்கும். பில்லை இல்லாமல் ஓட்டினாலோ, ராத்திரி விளக்கு இல்லாமல் போனாலோ, டபுள்ஸ் அடித்தாலோ பிடிப்பார்கள் என்று தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தப் பில்லை போனதோடு சைக்கிளுக்கு இருந்த ஒரே ஒரு அரசுப் பதிவும் போய்விட்டது. ஆக, திருவாரூரில் திருடிய சைக்கிளை மயிலாடுதுறையில் ஒரு போலீஸ்காரர் கையிலேயே பிடித்தாலும், அது யாருடையது என்று பார்த்துச் சொல்ல அவரிடம் எந்தப் பட்டியலும் இல்லை.

பள்ளிக்கூடத்துச் சைக்கிள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னால் எல்லாருக்குமாக விரிந்து, இன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. டெல்டாவின் எந்தக் கிராமத்துச் சாலையிலும் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் அந்தச் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். ஒரு பள்ளிக்கு ஒரு வருடம் கொடுத்தவை பெரும்பாலும் ஒரே மாதிரி, ஒரே நிறம், ஒரே கேரியர். நூறு சைக்கிள் நிற்கும் ஸ்டாண்டில் ஒன்று குறைந்தால், "நீல கலர், முன்னாடி கூடை இருக்கும் சார்" என்று சொல்லும் பிள்ளையின் அடையாளம் மீதி தொண்ணூற்றொன்பதுக்கும் பொருந்தும். அங்கே திருட்டும் நடக்கிறது, தெரியாமல் மாற்றி எடுத்துப் போவதும் நடக்கிறது. முதலில் அந்த இரண்டில் எது என்று வகுப்பில் விசாரித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போவதுதான் முறை.

எது திருட்டு என்பதில் ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். ஆற்றில் குளிக்கப் போனவரின் சைக்கிளைப் பையன்கள் எடுத்து ஓட்டிவிட்டு அடுத்த ஊர் மதகுப் பக்கம் போட்டுவிட்டுப் போனால் அது திருட்டா, குறும்பா? சட்டம் கேட்பது இவ்வளவுதான்: இன்னொருவர் வசம் இருக்கும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தினார்களா? என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் கட்டாயமில்லை. இதை உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய வழக்கு ஒரு விமானத்தைப் பற்றியது. ஜோத்பூரில் விமானப் படைப் பயிற்சியில் இருந்த மெஹ்ரா என்பவர் அனுமதி இல்லாமல் ஒரு பயிற்சி விமானத்தை எடுத்துக்கொண்டு பறந்து பாகிஸ்தானில் இறக்கினார். கொஞ்ச நேரத்துக்கு எடுத்துப் போனாலும் திருட்டு திருட்டுதான் என்று 1957இல் தீர்ப்பு வந்தது. விமானத்துக்கு உள்ள விதிதான் மிதிவண்டிக்கும். அதற்காகப் பத்து வயதுப் பையன்மேல் வழக்குப் போடச் சொல்லவில்லை. "சும்மா ஓட்டிப் பார்த்தேன்" என்பது எல்லா நேரமும் தப்பிக்கிற பதில் ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐயாயிரம் ரூபாய்க் கோடு

இனிமேல் சொல்வதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பழைய 379ஆம் பிரிவு இருந்த இடத்தில் இப்போது 303 இருக்கிறது. திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு கடுங்காவல். இதுவரை பழைய கதைதான், கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள்.

புதிதாக வந்தது ஒரு விலக்கு. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, குற்றவாளி முதல்முறையாகத் தண்டிக்கப்படுகிறவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டும். பசிக்குத் திருடியவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்ற நோக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொன்று சைக்கிள்காரர்களுக்கு இடிக்கிறது. குற்றங்களைச் சட்டம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒருவகையில் போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து, விசாரித்து, வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். இன்னொரு வகையில் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் விசாரிக்கவே முடியாது; ஸ்டேஷனில் ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டு, புகார்தாரரை மாஜிஸ்ட்ரேட்டிடம் போகச் சொல்வார்கள். சாதாரணத் திருட்டு முதல் வகை. இந்த ஐயாயிரத்துக்குக் கீழான திருட்டை, கூடவே வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) அட்டவணை இரண்டாவது வகையில் வைத்திருக்கிறது.

ஓட்டித் தேய்ந்த சைக்கிள் பலவற்றின் மதிப்பு ஐயாயிரத்துக்குள்தான் வரும். அதனால்தான் ஸ்டேஷனில் முதல் கேள்வியே "என்ன விலைம்மா இருக்கும்?" என்று வருகிறது. "பழைய சைக்கிள்தான் சார், என்ன ஒரு ரெண்டாயிரம் பெறும்" என்று அடக்கமாகச் சொல்கிறவர் தன் வழக்கைத் தானே அடுத்த வகைக்குத் தள்ளிவிடுகிறார். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், பொய்ப் புகார் தனிக் குற்றம். வாங்கிய பில் இருந்தால் அதைக் காட்டி, மாற்றிய டயர், புது சீட், கேரியர் எல்லாவற்றையும் சேர்த்து உள்ளபடி சொன்னால் போதும். கியர் சைக்கிள், பேட்டரி சைக்கிள் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, விலையே கோட்டைத் தாண்டிவிடும்.

வாதாட இன்னும் ஓர் இடம் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த விலக்கு முதல்முறை தண்டிக்கப்படுகிறவனுக்கு மட்டும். எடுத்தவன் யாரென்றே தெரியாதபோது அவன் முதல்முறைக்காரன் என்று ஸ்டேஷனில் எப்படி முடிவு கட்டுவது? மரியாதையாகக் கேட்கலாம். தவிர, குடியிருக்கும் வீட்டுக்குள்ளிருந்தோ, பொருள் பாதுகாக்கும் கட்டடத்துக்குள்ளிருந்தோ திருடியிருந்தால் அது 303 இல்லை, 305. ஏழு ஆண்டு வரை தண்டனை, மதிப்பு எவ்வளவு என்ற கணக்கு அங்கே கிடையாது. பூட்டிய வீட்டு ரேழியிலிருந்து போனதும் கடைத்தெருவிலிருந்து போனதும் சட்டத்துக்கு வேறு வேறு. எங்கிருந்து போனது என்பதைப் புகாரில் தெளிவாக எழுதச் சொல்வது அதனால்தான்.

எந்த ஸ்டேஷன், என்ன ரசீது

கும்பகோணத்தில் கிழக்கு, மேற்கு, தாலுகா என்று ஸ்டேஷன்கள் பிரிந்திருக்கின்றன. தஞ்சாவூரிலும் அப்படித்தான். ரயில் நிலைய வளாகத்துக்குள் போனால் அது ரயில்வே போலீஸின் எல்லை. "இது எங்க லிமிட் இல்லை" என்று சொல்லி அலையவிடுவது நெடுநாள் வழக்கம். இப்போதுள்ள நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. அங்கே பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இருந்தாலும் என் யோசனை, முடிந்தால் உரிய ஸ்டேஷனுக்கே நேராகப் போய்விடுங்கள். விசாரிக்கப் போகிறவர் அங்கே இருக்கிறார். சைக்கிள் வழக்கு ஊர் மாறி வந்து சேர்வதற்குள் சூடு ஆறிவிடும்.

புகார் கொடுத்ததும் தமிழ்நாட்டில் வழக்கமாகக் கையில் வருவது சி.எஸ்.ஆர். ரசீது. சமூகப் பணிப் பதிவேடு என்று அதற்குப் பெயர். உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம், விசாரிக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்குப் பதிந்ததாக அர்த்தம் இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு, அதற்குத் தனி எண் உண்டு, பிரிவு எழுதியிருக்கும், நீதிமன்றத்துக்கும் ஒரு பிரதி போகும், உங்களுக்கு ஒரு பிரதி இலவசமாகத் தர வேண்டும். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் கம்பெனி கேட்பது எஃப்.ஐ.ஆரை, பின்னால் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று போலீஸ் தரும் சான்றையும் கேட்பார்கள். சி.எஸ்.ஆரைக் கொண்டுபோய்க் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுச் சட்டம் அதில் ஒரு சந்து திறந்திருக்கிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் வரை முதற்கட்ட விசாரணை செய்யலாம். சைக்கிள் திருட்டு அந்தச் சந்துக்குள் சரியாக நுழையும். எனவே ரசீது கொடுத்து இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னால் உடனே சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அதற்கு மேலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போடலாம். சைக்கிளுக்காக அவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு என்பது ஸ்டேஷனுக்கும் தெரியும்.

புகார் எழுதுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அனுப்புநர், பெறுநர் போட்டு, எத்தனை மணிக்கு எங்கே நிறுத்தினீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தபோது இல்லை, பூட்டியிருந்தீர்களா, என்ன கம்பெனி, என்ன நிறம், என்ன அடையாளம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் சரி. நேரம் முக்கியம். "நேத்து சாயங்காலம்" என்பதைவிட "ஐந்தேகாலிலிருந்து ஆறேமுக்காலுக்குள்" என்பது கேமரா பார்ப்பவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும். இன்னொரு பிரதி எடுத்துப் போய் அதில் ஸ்டேஷன் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவர்கள் என்ன செய்கிறார்கள்

உள்ளதைச் சொன்னால், ஒரு சைக்கிளுக்காகத் தனிப்படை எதுவும் கிளம்பாது. செயின் பறிப்பு, பைக் திருட்டு, கோயில் திருவிழா பந்தோபஸ்து, தலைவர்கள் வருகை எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில்தான் சைக்கிள் வரும். ஒரு பெரிய ஊர் ஸ்டேஷனின் ஆள் பலத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனாலும் சில வேலைகள் நடக்கும். பக்கத்துக் கடை கேமராவைப் பார்ப்பார்கள். அதில் பதிவானது சில நாளிலோ சில வாரத்திலோ மேலெழுதப்பட்டுப் போய்விடும் என்பதால் அந்த வேலையை நீங்களே முந்திக்கொள்வது நல்லது. புகார் கொடுக்கப் போகும் முன்பே கடைக்காரரிடம் போய், "அண்ணே, இந்த நேரத்துப் பதிவை அழியாம வச்சிருங்க, ஸ்டேஷன்லேர்ந்து கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அப்புறம் பழைய ஆட்கள் பட்டியல். எந்த ஸ்டேஷனிலும் சைக்கிள் எடுக்கும் பழக்கமுள்ள நாலைந்து பேரின் பெயர் குற்றப்பிரிவு ஏட்டுக்கு மனப்பாடமாக இருக்கும். காயலான் கடைகளில் ஒரு பார்வை, ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் சைக்கிள் கடைகளில் ஒரு விசாரிப்பு.

உண்மையில் சைக்கிள்கள் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் தற்செயலாகத்தான். வேறு எதற்கோ ஒருவனை மடக்குவார்கள், அவன் காட்டிய கொட்டகையில் பத்துப் பதினைந்து சைக்கிள் சார்த்தியிருக்கும். மறுநாள் பேப்பரில் ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நிறுத்திய படம் வரும். அந்த வரிசையில் உங்களுடையது இருக்கலாம். இருந்தும் அது உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டுமே. அப்போதுதான் எழுதிக் கொடுத்த புகாருக்கும் பிரேம் நம்பருக்கும் வேலை வருகிறது. புகாரே கொடுக்காதவர் வந்து "இது என்னோடது" என்றால் யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

பிரேம் நம்பர் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், பெடல் சுற்றும் அச்சுக்கு அடியில் உள்ள உருளையில் சில எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். சில கம்பெனிகள் சீட் குழாயிலோ ஹாண்டில்பாருக்குக் கீழே உள்ள குழாயிலோ குத்துவார்கள். மண்ணைத் துடைத்துவிட்டு ஒரு போட்டோ, சைக்கிளோடு நீங்கள் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ, பில்லுக்கு ஒரு போட்டோ. ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டிக்கு இந்த மூன்றும்தான் ஆர்.சி. பள்ளிச் சைக்கிளுக்குப் பில் இருக்காது; அதற்கு நம்பர் இன்னும் அவசியம். பட்டறையில் சொன்னால் பிள்ளையின் இனிஷியலைக் கேரியருக்கு அடியில் பஞ்ச் அடித்துத் தருவார்கள். பெயர், போன் நம்பர் எழுதிய தாளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, சீட்டைக் கழற்றிக் குழாய்க்குள் போட்டு வைக்கிறவர்களும் உண்டு. பெயிண்ட் அடித்தாலும் அது உள்ளேயே கிடக்கும்.

பூட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று. பின் சக்கரத்தில் இருக்கும் ரிங் பூட்டு ஓட்டிப் போவதைத் தடுக்கும், தூக்கிப் போவதைத் தடுக்காது. லோடு ஆட்டோவில் ஏற்றினால் முடிந்தது. செயினைப் பிரேமுக்குள் விட்டுக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டினால்தான் பூட்டு. டோக்கன் போடும் ஸ்டாண்டில் விட்டீர்களானால் டோக்கனைப் பத்திரமாக வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு பொருளைப் பொறுப்பேற்றவர் தன் பொருளைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. "வண்டிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டு மாட்டியதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. நுகர்வோர் ஆணையத்தில் கேட்க வழி உண்டு.

சைக்கிள் கிடைத்துவிட்டது என்று போன் வந்தால் உடனே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வழக்குப் பதிந்திருந்தால் அது இப்போது வழக்குச் சொத்து, நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. தற்காலிகமாக என்னிடம் ஒப்படையுங்கள் என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போட்டு, ஒரு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க முடியும். பிடித்த வண்டிகளை ஸ்டேஷன் வளாகத்தில் துருப்பிடிக்க விடாதீர்கள், படம் எடுத்துக்கொண்டு சீக்கிரம் ஒப்படையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியிருக்கிறது. புதுச் சட்டமும் பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், படம், வீடியோ எடுத்து, அதிலிருந்து 30 நாளில் என்ன செய்வது என்று உத்தரவு போடச் சொல்கிறது. இருந்தும் ஸ்டேஷன் பின்பக்கம் வேப்பமரத்தடியில் கொடி படர்ந்து கிடக்கும் வண்டிகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். உரிமையாளர் தெரியாத பொருளுக்கு ஆறு மாதக் கெடு வைத்து அறிவிப்பு வெளியிடுவார்கள். யாரும் வராவிட்டால் அது அரசின் கைக்குப் போகும். வாங்கி வந்த சைக்கிளை வழக்கு முடியும்வரை விற்கவோ பெயிண்ட் மாற்றவோ கூடாது, கூப்பிட்டால் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

பழைய சைக்கிள் வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆறாயிரம் பெறும் வண்டியை ஒருவன் எண்ணூறு ரூபாய்க்கு, அதுவும் பில்லும் சாவியும் இல்லாமல் தருகிறான் என்றால் அது திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருக்கிறது என்றுதான் சட்டம் பார்க்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி வாங்கியவருக்கும் மூன்று ஆண்டு வரை போகலாம். விற்பவரின் பெயர், முகவரி, பிரேம் நம்பர், தொகை, தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவனிடம் வாங்காதீர்கள்.